பெயர் போடாத முறைப்பாடு

கம்பனிக் கந்தோர் வாசலில் முறைப்பாட்டுப் பெட்டியை ஆணியடித்துத் தொங்கவிட்டுப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. இவ்வளவு காலத்தில் அதற்குள் போனது ஒரேயொரு பல்லி. அதுவும் முறைப்பட வந்ததாகத் தெரியவில்லை.

பெட்டிப் பூட்டின் திறப்பு யூலிற்றாவிடம் இருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அவள் அதைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், குறிப்பேட்டில் 'முறைப்பாடு இல்லை' என்று எழுதுவாள். முல்லைத்தீவில் மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவளுக்கு இப்படி எழுதுவது புதிதல்ல. தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தவள், அடுத்த வருடமே மாதா கோயில் சுவாமியாரின் உதவியோடு ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கம்பனி தொடங்கினாள். முகாமிலிருந்த பெண்கள் பதினான்கு பேர் மிளகாய் வறுத்து, இடித்து, அரித்துப் பொதி செய்தார்கள். முதலாளி என்று ஒருவரும் இருக்கக்கூடாது, எல்லாரும் ஒரே பாயில் இருந்து உழைத்து ஒரே பாயில் இருந்து உண்ணவேண்டும் என்று கம்பனிக்கு அவளே 'சமபந்தி' என்று பெயர் வைத்தாள்.

ஒல்லாந்து நாட்டில் ஒரு சங்கம் இருந்தது. தொழிலாளரை நேர்மையாக நடத்தும் கம்பனிகளுக்கு அது சான்றிதழ் கொடுக்கும். சான்றிதழ் இருந்தால் சமபந்தித் தூள் அவர்களுடைய கடைகளுக்குப் போகும், முகாமிலிருந்து இன்னும் இருபது பேரை வேலைக்கு எடுக்கலாம். அந்த இருபது பேரின் பெயர்களை யூலிற்றா ஏற்கெனவே எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள்.

சங்கம் கேட்டவற்றில் ஒன்றுதான் இந்தப் பெட்டி. தொழிலாளர்கள் பெயர் சொல்லாமல் குறை சொல்ல வழி இருக்க வேண்டுமாம். பெட்டி தொங்கிய அன்றே, பதினான்கு பேரில் ஒருத்தியான பத்மாசனி முகத்துக்கு நேரே கேட்டாள்.

"பேர் போடாமல் எழுதிறதோ மிஸ்? அது மொட்டைக் கடிதமெல்லோ! அதாலை எத்தினை வீட்டிலை ஆம்பிளை இல்லாமல் போச்சு. எங்களுக்குக் குறை இருந்தால் வாய் இருக்குத்தானே."

அதற்குப் பிறகு ஒருவரும் பெட்டிப் பக்கம் போகவில்லை. காலையில் முதல் ஆளாய் வந்து முற்றம் கூட்டும் நாகேஸ்வரி, பெட்டிக்குக் கீழே மட்டும் எட்ட நின்று விளக்குமாற்றை நீட்டிக் கூட்டுவாள். அவளுடைய கணவன் பரமலிங்கத்தை விசாரணைக்கென்று கொண்டுபோய்த் திரும்ப விடாததும் யாரோ எழுதிய ஒரு மொட்டைக் கடிதத்தால்தான். இது எல்லாருக்கும் தெரியும். யூலிற்றாவுக்கும் தெரியும்.

ஆவணி மாதம் ஒல்லாந்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு முறைப்பாடுகூட வராத இடத்தை நம்புவது கடினம், பரிசோதகர் புரட்டாதியில் நேரில் வருவார் என்றிருந்தது.

யூலிற்றா கடிதத்தை மடித்து வைத்தாள். வெளியே மத்தியானச் சாப்பாடு நடந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் அந்தப் பாயில் அவளும் இருந்து மிளகாய்க் காம்பு கிள்ளியவள்தான். அப்போது அவள் 'அக்கா'. பிறகு இங்கிலீசுப் படிவங்கள் வர, மேசை வந்தது, கதிரை வந்தது, தொலைபேசி வந்தது, கடைசியில் அவள் 'மிஸ்' ஆகிவிட்டாள். தண்ணீர் எடுக்க வெளியே வந்தாலும் சிரிப்பு நின்றுவிடும். கணவன் மரியநேசன் கடலோடு போய் ஒன்பது வருடம். அறைக்குப் போனால் ரேடியோ ஒன்றுதான் கதைக்கும். அவளுக்கு அந்தப் பாயில் ஒரு இடம் வேண்டியிருந்தது, எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

ஒரு முறைப்பாடாவது வேண்டுமே என்று பேனாவை இடது கைக்கு மாற்றினாள். என்ன எழுதுவது? சம்பளம் ஒழுங்காகப் போகிறது. மூக்கு மூடத் துணி கொடுத்தாயிற்று. புதுக் கக்கூசும் கட்டியாயிற்று. யோசித்து யோசித்து, கை தன் பாட்டில் எழுதியது: 'மிஸ் எங்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. தனியே இருந்து சாப்பிடுகிறா.'

எழுதியதைப் பார்த்ததும் கண் எரிந்தது. மிளகாய்க் காந்தல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டாள்.

சங்கத்தின் விதிப்படி முறைப்பாட்டைக் கூட்டத்தில் வாசித்துத் தீர்வு எழுத வேண்டும். யூலிற்றா வாசித்தாள். பதினான்கு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். இன்றிலிருந்து நானும் உங்களோடு சாப்பிடுகிறேன் என்று தீர்வையும் அவளே எழுதினாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் வெளியே வந்தபோது, பாய்க்குப் பக்கத்தில் அவளுடைய கதிரையைக் கொண்டுவந்து துடைத்து வைத்திருந்தார்கள். அவள் கதிரையில் இருந்தாள். அவர்கள் கீழே பாயில் இருந்து, பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல ஒரு சொல் கதையாமல் சாப்பிட்டு எழும்பிப் போனார்கள். கந்தோருக்குள் இருந்தபோதாவது சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எழுதியது யார் என்ற கதை பாயில் புகுந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் தனியே நிற்பவள் யார்? விடிய முதல் ஆளாய் வருபவள் யார்? ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நாகேஸ்வரி இருந்தால் பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி இருந்தாள். நாலாம் நாள் நாகேஸ்வரி வேலைக்கு வரவில்லை.

யூலிற்றா சைக்கிளை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனாள். நாகேஸ்வரி அழவில்லை. தறப்பாள் கொட்டில் வாசலில் நின்று கேட்டாள்.

"மிஸ், அப்பிடி ஒரு கடிதத்தாலை மனிசனைப் பறிகுடுத்தவள் நான். நான் எழுதுவனோ? நீங்களாவது சொல்லுங்கோ."

"இல்லை. நீங்கள் எழுதேல்லை. எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

இவ்வளவு நாளும் தன்னை நேர்மையானவள் என்று நினைத்திருந்த யூலிற்றா, உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். இருபது பெயர்கள் எழுதிய தாள் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தப் பெயர்களில் இரண்டு பேர் பக்கத்துக் கொட்டிலிலேயே இருந்தார்கள்.

"வியாழக்கிழமை வெள்ளைக்காரி வாறா. அண்டைக்கு மட்டும் வாங்கோ," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். வழி நெடுக வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை நாகேஸ்வரி வந்தாள். பாயில் இடம் இருந்தும் வாசற்படியில் தனியே இருந்தாள். பரிசோதகரம்மா குறிப்பேட்டைப் புரட்டி, முறைப்பாட்டையும் தீர்வையும் யூலிற்றா மொழிபெயர்க்கக் கேட்டு, மிகவும் சந்தோஷப்பட்டாள். இதுதான் வேண்டியது என்று பேனாவைத் திறந்தாள்.

யூலிற்றா வாசற்படியைப் பார்த்தாள். தனியே இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. தன் தனிமைக்கு மருந்து தேடப்போய் இன்னொருத்தியின் தலையில் அதைக் கொட்டிவிட்டாள். எழுந்து நின்று, முதலில் பாயைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தக் கடிதம் நான் எழுதினது. இடது கையாலை எழுதினனான். நாகேஸ்வரி எழுதேல்லை. ஒருத்தரும் எழுதேல்லை."

பிறகு அதையே இங்கிலீசில் சொன்னாள். பரிசோதகரம்மா பேனாவை மூடினாள். கோபப்படவில்லை, கவலைப்பட்டாள். இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் போனது. பத்மாசனி எழுந்து போய் நாகேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்து வந்து பாயில் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். யூலிற்றாவை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு கந்தோருக்குள் போனாள். இருபது பெயர்த் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப லாச்சிக்குள் வைத்தாள். அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் உள்ளேயிருந்துதான் சாப்பிட்டாள். 

மாதக் கடைசி வெள்ளி வந்தது. சான்றிதழ் இல்லாத கம்பனிக்குப் பெட்டி எதற்கு என்று நினைத்தாலும், பழக்கத்தில் திறந்தாள். உள்ளே கொப்பித் தாள் ஒன்று நான்காய் மடித்துக் கிடந்தது. அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று, விதிப்படி உரத்து வாசித்தாள்.

'முறைப்பாடு. எங்கட அக்கா மொட்டைக் கடிதம் எழுதி, எங்களை ஆளை ஆள் சந்தேகப்பட வைச்சவா. அது பெரிய பிழை. நான் ரண்டு கிழமை நித்திரை கொள்ளேல்லை. இனி அவாவுக்குக் குறை இருந்தால் பாயிலை வந்து இருந்து வாயாலை சொல்ல வேணும். கதிரை கொண்டுவரக் கூடாது. இப்படிக்கு, பரமலிங்கம் நாகேஸ்வரி.'

 பெயரை இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"தீர்வு என்னெண்டு எழுதுறியள்?" என்று பத்மாசனி கேட்டாள்.

நாகேஸ்வரி நிமிரவில்லை. கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள், பக்கத்தில் இருந்த மிளகாய்ச் சுளகை மட்டும், பாயில் ஒரு ஆள் இருக்குமளவு, அந்தப் பக்கமாய்த் தள்ளி வைத்தாள். யூலிற்றா குறிப்பேட்டை மூடிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.