தானாடாவிட்டாலும் இன்ஜின் ஆடும்

கொழுந்தன் மெக்கானிக்காக வாய்த்துவிட்டால் ஒரு பெண்ணுக்கு வேறு சத்துரு தேவையில்லை. வெளி ஆள் தப்பு செய்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த பட்டறைக்குப் போகலாம். கொழுந்தனைக் கேட்டால் புருஷன் மூன்று நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். இந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வேலை ரத்தம் சுமப்பது. காலை ஆறரைக்குக் கிளம்பி, பதினோரு கிளினிக்குகளில் ரத்தக் குழாய்களை வாங்கிப் பெட்டியில் அடுக்கி, பத்து மணிக்குள் பெரிய லேபில் சேர்க்க வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு நாள் பிந்தியதில்லை. கார் பழசுதான், ஆனால் சொன்ன பேச்சு கேட்கிற கார். கொழுந்தன் கை வைக்கிற வரைக்கும் கேட்டது.

முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மில் ரப்பர் புஷ் என்று ஒன்று உண்டு. பள்ளத்தில் விழுகிற அடியையெல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும். அவன் புதிதாகப் போட்ட புஷ் ஆறு மாதத்தில் கிழிந்தது. மறுபடி போட்டான், அதுவும் கிழிந்தது.

"ரப்பரே வேஸ்ட்டு அண்ணி. பாலியூரிதேன் போட்டுடறேன். கல்லு மாதிரி நிக்கும், ஆயுசுக்கும் கவலையில்ல."

"எனக்கு எதுக்கு கல்லு? நான் என்ன ரேஸுக்கா போறேன்?"

"வண்டி ஓட்டறது வேற அண்ணி, வண்டியப் புரிஞ்சுக்கறது வேற."

சொன்னவன் ஆர்முக்குப் போட்டதோடு நிற்கவில்லை. இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட்டுகளையும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சிவப்புச் சிவப்பாகப் பாலியூரிதேனிலேயே மாட்டி அனுப்பினான். அடேயப்பா, பெரிய உபகாரம்! ரப்பர் மவுண்ட் இன்ஜினின் உதறலைத் தானே விழுங்கிக்கொள்ளும். இது ஒன்று விடாமல் வண்டிக்குள் அனுப்பிவைத்தது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங், சீட்டு, கண்ணாடி, அவள் பல் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

"பழகிடும்" என்றான் கொழுந்தன். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் புருஷன். அவள் பழகிக்கொண்டாள். பெட்டியிலிருந்த ரத்தம் பழகவில்லை.

லேபில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். அவள் கொண்டுவந்ததில் பாதி சிவந்து நின்றது. வழியிலேயே குலுங்கி அணுக்கள் உடைந்திருக்கின்றன என்றாள் லேப் டெக்னீசியன். "இதுல டெஸ்ட் பண்ணா பொட்டாசியம் தப்பாக் காட்டும்மா. நோயாளிங்கள மறுபடி கூப்பிட்டு ஊசி குத்த வேண்டியிருக்கு. மேல கோபமா இருக்காங்க. திங்கக்கிழமையும் இப்படி வந்தா உங்க ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

வண்டிதான் காரணமென்று புருஷனிடம் சொன்னால் நம்ப மாட்டான். அதனால் வெள்ளிக்கிழமை முதல் கிளினிக்கிலேயே கையை நீட்டித் தன் ரத்தத்தை இரண்டு குழாயில் எடுக்கச் சொன்னாள். ஒன்றை அங்கேயே பிரித்து வாங்கிக்கொண்டாள். இன்னொன்று பெட்டியோடு பதினோரு கிளினிக்கும் சுற்றி லேபுக்கு வந்து பிரிந்தது. முதல் குழாயில் மஞ்சள். இரண்டாவதில் சிவப்பு.

அன்றைக்கே பாகங்கள் விற்கிற கடைக்குப் போய் பழையபடி ரப்பர் மவுண்ட்டும் ரப்பர் புஷ்ஷும் கேட்டு, புஷ் கிழிந்த கதையையும் சொன்னாள். கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டே, "புஷ் ஆறு மாசத்துல கிழிஞ்சுதா? போல்ட்ட எங்க வெச்சு இறுக்கினாங்க, லிஃப்ட்லயா தரையிலயா?" என்று கேட்டார்.

அவள் விழித்தாள். அவர் ஒரு புஷ்ஷைக் கையில் எடுத்துக் காட்டினார். நடுவிலிருக்கிற இரும்புக் குழாயோடு ரப்பர் ஒட்டியிருக்கும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? "பாலியூரிதேன் குழாயோட ஒட்டாதும்மா, சும்மா சுத்தும். அத எங்க வெச்சு இறுக்கினாலும் ஒண்ணும் ஆகாது."

அப்படியா சேதி! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் கைத் தப்புக்குத்தான் கொழுந்தன் ரப்பரைத் திட்டியிருக்கிறான். தெரிந்து செய்தானா தெரியாமல் செய்தானா என்பதெல்லாம் அவளுக்கு இனி வேண்டாத விஷயம்.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. காலையில் பட்டறைக்குப் போனபோது புருஷனும் அங்கே இருந்தான். தம்பிக்குத் துணையாம். அவள் வாங்கி வந்த ரப்பர் பாகங்களையும் இரண்டு குழாயையும் டூல் பெட்டியின்மேல் வைத்தாள்.

"ரெண்டும் என் ரத்தம். இது வண்டியில ஏறறதுக்கு முன்னாடியே பிரிச்சது. இது உன் மவுண்ட்டு மேல வந்தது. நல்லாப் பாரு தம்பி."

கொழுந்தன் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். "ரப்பர் போடச் சொல்றீங்க, போடறேன். ஆறு மாசத்துல கிழிஞ்சா என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்வேன்."

"ஏன்டி, சும்மா இரேன். பதினெட்டு வருஷமாச் செய்யறான்" என்றான் புருஷன்.

மவுண்ட்டுகளை ஒழுங்காகத்தான் மாற்றினான். ஆர்முக்கு வந்ததும் வண்டி லிஃப்டில் நிற்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, புது புஷ்ஷை மாட்டி நீள ஸ்பேனரை எடுத்தான்.

"நிறுத்து. கீழ எறக்கிட்டு இறுக்கு."

"என்னது?"

"சக்கரம் தரையில நிக்கும்போது இறுக்குன்னேன்."

அவன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணி ரெண்டு வீடியோ பாத்துட்டு வந்துட்டாங்க."

அவள் மூலையிலிருந்த கழிவு டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். அவள் வண்டியுடையதும் ஊரார் வண்டியுடையதுமாகப் பழைய புஷ்கள் உருண்டன. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். பதினாறு. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் ஒரே மாதிரி, முறுக்கிக் கிழிந்திருந்தன.

"பதினெட்டு வருஷம்" என்றாள்.

கொழுந்தன் முகம் கறுத்தது. ஸ்பேனரை அவள் காலடியில் விட்டெறிந்தான். "அவ்வளவு தெரிஞ்சவங்க நீங்களே இறுக்கிக்கோங்க!" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்விட்டான்.

"என்னங்க, லிஃப்ட எறக்குங்க."

புருஷன் உள் அறையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. போல்ட்டுகளைக் கையால் முடிந்தவரை முடுக்கிவிட்டு, பொத்தானை அழுத்தி வண்டியைத் தானே இறக்கினாள். மெல்ல உருட்டிக்கொண்டுபோய்ப் பட்டறைக் குழியின் மேல் நிறுத்தினாள். குழிக்குள் இறங்கி, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, ஒவ்வொரு போல்ட்டாக உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இறுக்கினாள். புறங்கை உரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது புருஷனின் செருப்பு மட்டும் தெரிந்தது. அது இருந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை. அவள் கிளம்பும்போது ஒரு கிழிந்த புஷ்ஷும் அந்த ஸ்பேனரும் வண்டியிலேயே வந்துவிட்டன.

திங்கள்கிழமை டெக்னீசியன் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை. "அப்பாடா, ரூட் உங்களுக்குத்தாம்மா" என்றாள். அவளுக்கு அந்த டெக்னீசியனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மத்தியானம் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கப் பட்டறைக்குப் போனாள். தம்பியோடு சாப்பிடவென்று புருஷன் அங்கே வந்திருந்தான். கொழுந்தன் ஒரு வாடிக்கையாளருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"ரப்பர் புஷ்ஷ தரையில வெச்சுத்தான் சார் இறுக்கணும். ஊர்ல பாதி மெக்கானிக்குக்கு இது தெரியாது."

அவளைப் பார்த்தும் அவன் குரல் தடுமாறவில்லை. புருஷன் பெருமையோடு அவள் பக்கம் சாய்ந்து, "பாத்தியா, அவனுக்குத் தெரியாததா?" என்றான்.

அவள் மூலையைப் பார்த்தாள். கழிவு டப்பா துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. கைப்பையைத் திறந்து, கிழிந்த புஷ்ஷை எடுத்து வாடிக்கையாளரின் கையில் வைத்தாள்.

"இது என் வண்டியில இருந்தது சார். எப்படிக் கிழிஞ்சுதுன்னு இவரையே கேளுங்க. நல்லா விளக்கிச் சொல்வார்."

ஸ்பேனரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து காரில் ஏறினாள். பின்னாலேயே புருஷன் ஓடிவந்தான். "குடும்ப மானத்த வாங்கிட்டியே! அவன் என் தம்பிடி!" என்று கார்க் கண்ணாடியை அறைந்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், இங்கே சதையோடு ஆளும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தான்.

"நானும் உங்களுக்கு ஏதோ ஒரு உறவுமுறைதான்" என்றாள் அவள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள். ஒரு நடுக்கமில்லை. கியரைப் போட்டுக் கிளம்பினாள்.