தேதி அழித்த குப்பி

மருந்துக் கிடங்கின் பின்னறையில் அவனுக்கு வேலை. கடைகளிலிருந்து திரும்பி வரும் காலாவதி மருந்துகளைப் பிரித்து, எரிக்க அனுப்பும் மூட்டைகளில் கட்டுவான். ஒரு நாள் தாண்டியிருந்தாலும் இரக்கம் காட்ட மாட்டான். பிஸ்கட் நீட்டினால்கூட உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான். அதனால் கிடங்கில் எல்லாருக்கும் அவன் தேதிக்காரன். ஊருக்கெல்லாம் கறாராக இருந்த அந்த மகானுபாவன், தன் அக்கா விஷயத்தில் கோட்டை விட்டான்.

அக்கா தலையணைப் பட்டறையில் பஞ்சு அடைப்பவள். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபின் அவனை ஆளாக்கியவள். தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தப் பேச்சை எடுக்கவே ஆளில்லாமல் போயிற்று. பஞ்சுத் தூசி மட்டும் விடாமல் வந்து நெஞ்சில் இழுப்பாகக் குடியேறியது. தினமும் இழுக்க ஒன்று, இழுப்பு வந்தால் அடிக்க ஒன்று என்று டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். இருவர் சம்பளமும் வாய்க்கும் வயிற்றுக்குமே போதவில்லை.

அப்போதுதான் மூட்டைக்குப் போகவிருந்த இன்ஹேலர்கள் அவன் கண்ணில் பட்டன. சீல்கூடப் பிரியாதவை. தேதி என்பது கம்பெனிக்காரன் தன் தலை தப்பப் போட்டுக்கொள்வது. மறுநாளே மருந்து செத்தா போய்விடும்? இப்படித் தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். ஆனால் அக்காவிடம் இந்த வக்கீல் வேலை செல்லாது. தேதி போனதைத் தொடமாட்டாள். அதனால் பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் குப்பியிலிருந்த தேதியைத் துடைத்தெடுத்தான்.

“டாக்டருங்களுக்குக் கம்பெனி குடுக்கிற சாம்பிள்க்கா. இதுல தேதி போட மாட்டாங்க.”

“உன்னையே தேதிக்காரன்னுதான் கூப்பிடறாங்க. நீ சொன்னா சரிதான்டா.”

வருஷங்கள் ஓடின. தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்த அலமாரியில் குப்பிகள் சேர்ந்தன. தேதியை அழித்தபின் நேற்றையதும் நாலு வருஷத்ததும் ஒரே முகமாக இருந்தன. கொடுக்குமுன் காற்றில் ஒருமுறை அடித்துப் பார்ப்பான். புஸ்ஸென்று சத்தம் வந்தால் அவனுக்குத் தைரியம். தினமும் இழுக்க வேண்டியது மூட்டைகளில் அபூர்வமாகத்தான் வந்தது. அதை இருவரும் மெல்ல மறந்தார்கள்.

“முன்ன மாதிரி ஒண்ணு ரெண்டுல அடங்க மாட்டேங்குதுடா.”

“பட்டறையில தூசி ஜாஸ்திக்கா.”

ஒரு விடுமுறை மதியம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் அவள் வாயில் ஒரு குப்பியை அடித்தான். இன்னொன்றை அடித்தான். எல்லாம் அழகாகச் சத்தம் போட்டன. அவள் உதடு மட்டும் நீலமாகிக்கொண்டே போனது. கடைசியில் அவளை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டாக்டரம்மா குப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

“எவ்வளவு பழசு இது?”

“தெரியலம்மா.”

“தேதி எங்க?”

“நான்தான் அழிச்சேன்.”

கட்டிலில் ஆக்ஸிஜன் முகமூடியோடு கிடந்த அக்காவின் கண்கள் அவன் பக்கம் திரும்பின. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

“கையில வேற எதுவுமே இல்லாத நேரத்துல தேதி போனதை அடிச்சுக்கிட்டே இங்க ஓடி வந்திருந்தா, நானே தப்பு சொல்ல மாட்டேன்,” என்றார் டாக்டரம்மா. “இவங்க இதை வச்சே காலத்தை ஓட்டியிருக்காங்க. சத்தம் உள்ள இருக்கிற கேஸால வர்றது. மருந்துக்கு வீரியம் இருக்கான்னு அது சொல்லாது. தினசரி மருந்தும் இல்லாம மூச்சுக்குழாய் தடிச்சுப்போச்சு. இனிமே பழையபடி ஆகாது. மேல மோசமாகாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் கொடுத்ததை அக்கா மறுபேச்சில்லாமல் இழுத்தாள். வீடு திரும்பிய பிறகு கடைக்குப் போய்வர அவனை விட்டால் நாதியில்லை. எப்படியோ பணம் புரட்டி, புத்தம் புதிதாக இரண்டையும் வாங்கிவந்து, அவள் கண்ணெதிரிலேயே பெட்டியைப் பிரித்தான்.

அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேதி பளிச்சென்று இருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள்.

“இதையும் நீதான் போட்டியா?”

“இல்லக்கா. கடையில வாங்கினேன். பில்லு இருக்கு.”

“அழிக்கத் தெரிஞ்சவனுக்கு எழுதத் தெரியாதா.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கணக்குச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குப்பியைத் தரையில் வைத்தாள். அதற்குள் அவள் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

“சத்தியமா புதுசுக்கா. ஒரு தடவை இழுத்துப் பாரு.”

அவள் தலையசைத்து மறுத்தாள். வேறு வழி தெரியாமல் குப்பியை எடுத்துத் தன் வாயில் வைத்து அழுத்தி, ஆழமாக இழுத்தான்.

“பாருக்கா, நல்ல மருந்துதான். பாரு, நான் நல்லாத்தானே இருக்கேன்.”

அக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேசுவதற்கு மூச்சுச் சேர நேரம் பிடித்தது.

“உனக்கு எப்பவும் நல்லாத்தான்டா இருக்கு, மூச்சு.”