மணி ஒத்திகை

"எல்லாரும் வந்தாச்சா?" என்று வார்டனம்மா மைதானத்தில் நின்று கத்தியபோது, டிரைவரின் மனைவி மகளின் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோலக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டுக்காரர் வரவில்லை. அவள் கிளம்பும்போது மேலே அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அவள்தான் எழுப்பாமல் வந்திருந்தாள்.

அது ஒரு காலத்தில் கல்லூரி விடுதி. போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு அரசாங்கம் அதை அறைக்கு ஒரு குடும்பமாகக் கொடுத்திருந்தது. வாசலில் 'தற்காலிகக் குடியிருப்பு' என்ற பலகைக்கு இதற்குள் இரண்டு முறை வண்ணம் அடித்தாயிற்று. ஊரில் பஸ் ஓட்டியவருக்கு இங்கே ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க மூட்டை தூக்கும் வேலை. பஸ் இல்லாவிட்டாலும் குடியிருப்பில் அவருக்கு டிரைவர் என்றுதான் பேர்.

தீ எச்சரிக்கை மணிக்கு ஒத்திகை என்று வார்டனம்மா முந்தின நாளே ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லியிருந்தாள். மணி அடித்தால் வெளியே மைதானத்துக்கு ஓடிவர வேண்டும். போன ஒத்திகையில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. அத்தனை பேரும் விழுந்தடித்துக்கொண்டு கீழ்த்தள சாமான் அறைக்குள் போய், துடைப்பங்களுக்கு நடுவே பிள்ளைகளை அணைத்தபடி குந்திவிட்டார்கள். மணி என்றால் விமானம், விமானம் என்றால் நிலத்துக்குக் கீழே. அந்தப் பாடம் அவ்வளவு சுலபத்தில் மறக்குமா? அதனால் இந்த முறை வார்டனம்மா முன்யோசனையாக அந்த அறையைப் பூட்டிவிட்டாள்.

"டிரைவர் எங்கம்மா? பஸ்ஸை எடுத்துட்டுப் போயிட்டாரா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் பூட்டு நினைவுக்கு வந்தது. மகளின் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

கீழ்த்தளப் படிகள் முடியும் இடத்தில், பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். மடியில் மகளின் போர்வையில் சுற்றிய தலையணை. தூக்கக் கலக்கத்தில் பிள்ளை என்று நினைத்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கதவைத் தட்டித் தட்டி விரல் மூட்டெல்லாம் தோல் பெயர்ந்திருந்தது. மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு, நின்றுபோயிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ரொம்ப வேதனைப்பட்டிருக்க மாட்டார் என்றார். அந்தக் கைகளைப் பார்த்த பிறகும் மனுஷன் அப்படிச் சொன்னார்.

கணவனின் அண்ணன் அடுத்த ஊர்க் குடியிருப்பிலிருந்து வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தம்பியைச் சாப்பாட்டுக் கூடத்து மேசையில் கிடத்தியிருந்தார்கள். அவர் அழவில்லை. நேராக வார்டனம்மாவிடம் போனார்.

"எதுக்குப் பூட்டுனீங்க?"

"எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிட்டேங்க ஐயா..."

"என் தம்பிக்கு யாரு சொன்னா? குண்டுக்குத் தப்பிச்சு வந்தவனை ஒரு பூட்டைப் போட்டுக் கொன்னுட்டீங்களே! நாளைக்கே மேலிடத்துக்குப் போறேன். இந்த வேலையில நீ எப்படி இருக்கேன்னு பாக்குறேன்."

அழுதழுது வார்டனம்மாவின் முகம் வீங்கிக் கிடந்தது. ஒரு கணம் டிரைவரின் மனைவியைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். வார்டனம்மா கதவைத் தட்டிச் சொன்னபோது வாசலில் நின்று தலையாட்டியது யார் என்று இருவருக்கும் தெரியும்.

பேசாமல் இருந்துவிடலாம். வார்டனம்மா காட்டிக்கொடுக்க மாட்டாள். சொந்தம் என்று இனி தனக்கும் பிள்ளைக்கும் மிஞ்சியிருப்பது இந்த ஒரு மனிதர்தான். உண்மை தெரிந்தால் இவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

"மாமா, அவங்க சொன்னாங்க. நான்தான் அவர்கிட்ட சொல்லல. எழுப்பவும் இல்ல."

அவர் திரும்பினார். "ஏன்?"

"காலையில சொல்லிக்கலாம்னு இருந்தேன். வேலையிலேர்ந்து வந்ததும் படுத்துட்டாரு. மணி அடிச்சா முழிப்பாரு, ஜன்னல்ல எட்டிப் பார்த்தா நாங்க கீழ நிக்கிறது தெரியும்னு இருந்துட்டேன் மாமா."

"ஒரு வார்த்தை எழுப்பிச் சொன்னா என்ன?"

"குறட்டை விட்டாரு."

ஊரில் தெருவே கேலி செய்த குறட்டை அது. சின்ன வயதில் அண்ணன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் பக்கத்தில் படுப்பார். முதல் குண்டு விழுந்த நாளோடு அது நின்றுபோனது. அதன்பின் டிரைவர் கண்ணை மூடி, காதைத் திறந்து வைத்துப் படுத்தார், அவ்வளவுதான். இன்று காலை அது திரும்பி வந்ததும், மணி அடிக்கும் முன்பே அவள் மகளின் வாயைப் பொத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அண்ணன் பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"நெசமாவா?"

"நெசமா மாமா."

"பழைய மாதிரியேவா? நடுவுல கொஞ்சம் நின்னு, அப்புறம் விசில் மாதிரி வருமே..."

"ஆமா."

"எப்படி விட்டான்?"

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்களை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, அத்தனை பேர் முன்னாலும் அந்தச் சத்தத்தைத் தொண்டைக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அண்ணன் காதைக் கொடுத்தபடி காத்திருந்தார். அவள் மறுபடியும் இழுத்தாள்.