சோரல் மேட்டுக்குப் பெட்ரோல் வண்டி

நெட்டா மூன்றாவது முறையாகச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் நெஞ்சில் சளி கட்டியவன்போல இரண்டு இழுப்பு இழுத்து நின்றுவிட்டது.

"போதும். பேட்டரியையும் சாகடிச்சிராத" என்றார் ஓரின். பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, டீசல் வடிகட்டியின்மேல் தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்பு நிறம். நெட்டாவின் அம்மாவுடைய குளியலறையிலிருந்து எடுத்து, சமையலறை ஜன்னல் வழியாக நீள ஒயர் இழுத்துக் கொண்டுவந்தது. பூஜ்ஜியத்துக்கு இருபத்தெட்டு டிகிரி கீழே இருந்த அந்தக் காலையில் அதன் சூடு அவருடைய கையுறையைக்கூடத் தாண்டவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரமாகும் சித்தப்பா?"

"டீசல் மெழுகா உறைஞ்சு கெடக்கு. மத்தியானம் வெயில் பட்டா இளகும்."

"மத்தியானமா?"

"என்னை என்ன பண்ணச் சொல்ற. சர்ச் பொம்பளைங்களைப் போய்க் கேளு."

நெட்டாவின் அப்பா வெர்லின் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் இறந்தார். வியாழன் இன்று. நாளை பதினொரு மணிக்கு அடக்கம். குழி இன்னும் தோண்டவில்லை. இடுகாடு சோரல் மேட்டுக்கு அந்தப் பக்கம், பதினெட்டு மைல். அந்த வட்டாரத்தில் முப்பத்தொரு வருடமாக யார் செத்தாலும் குழி தோண்டியது அண்ணன் தம்பி இரண்டு பேரும்தான். மண் தோண்டும் எந்திரம் ஓரினுடையது. அதை டிரெய்லரில் ஏற்றி மேடு தாண்டி இழுத்துப் போவது வெர்லின். வெர்லினுக்குத் தோண்ட எந்திரத்தை யார் இழுத்துப் போவது என்பது நேற்று மாலைதான் எல்லாருக்கும் உறைத்தது.

பக்கத்துப் பண்ணை ஹால்வர் தன்னுடைய பெரிய டீசல் பிக்கப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டுப் போனார். எஞ்சின் உறையாமல் இருக்க ஓரின் அதன் ஹீட்டரை வண்டிக் கொட்டகைச் சுவரில் இருந்த பிளக்கில் மாட்டிவிட்டுப் படுத்தார். சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் அதே லைனில் பன்றித்தொடை வேக இரண்டு மின்சார அடுப்பும் ஒரு காப்பி அண்டாவும் மாட்டினார்கள். இரவில் எப்போதோ பளு தாங்காமல் அந்த லைனில் மின்சாரம் நின்றுபோனது. பன்றித்தொடை வெந்திருந்தது. வண்டி உறைந்திருந்தது.

நெட்டா இறங்கினாள். பத்தடி தள்ளி நின்றது அப்பாவின் வண்டி. வெள்ளை பிக்கப், வாங்கிப் பத்து மாதம். பெட்ரோல்.

அதைத்தான் மூன்று நாளாக அவள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். நாற்பது வருடம் பாரம் இழுத்தவர் அப்பா. மாடு, வைக்கோல், பிறர் வீட்டு டிராக்டர், ஒருமுறை முழுப் பள்ளிக்கூட மணி. எல்லாம் டீசலில். பாரம் இழுக்கப் பெட்ரோல் வண்டி வாங்குகிறவனைக் கல்யாணத்துக்குக் காலணி இல்லாமல் வருகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் போன மார்ச்சில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் டீசலை விற்றுவிட்டு இதை வாங்கினார். நோய் அப்போது எலும்புக்குள் இறங்கியிருந்தது. ஏன் என்று போனில் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றார். திங்கட்கிழமை இரவு படுக்கையருகில் மறுபடி கேட்டாள். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தபோது "கிளம்பிடும்ல" என்றார். எங்கே, யார் கிளம்புவதென்று அவளுக்குப் புரியவில்லை. மருந்து மயக்கம் என்று விட்டுவிட்டாள்.

"சித்தப்பா, குழி தோண்ட எவ்வளவு நேரமாகும்?"

"மூணரை அடிக்கு மண்ணு இரும்பா இருக்கு. பக்கெட்டக் கழட்டிட்டு ஒத்த இரும்புப் பல்ல மாட்டிக் கிழிக்கணும். அஞ்சு மணி நேரம்."

"நாலரைக்கு இருட்டிரும். மத்தியானம் கெளம்பினா இருட்டுலதான் தோண்டணும். உங்க கண்ணை வெச்சுக்கிட்டா?"

ஓரின் தலையை வெளியே எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் கண் மங்கி ஓட்டுநர் உரிமம் போயிருந்தது. எந்திரத்தில் உட்கார்ந்தால் பல் படும் இடம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. குழிக்கு அது போதும் என்பார்.

"அந்தப் பெட்ரோல் டப்பாவுல எட்டு டன்ன இழுத்துக்கிட்டு சோரல் ஏறப் போறியா? பாதி மேட்டுல நின்னுச்சுன்னா பின்னாடி போற பாரம் நம்மளையும் கூட்டிக்கிட்டுப் போகும் பிள்ள. ஒரு வாரம் கழிச்சு மூணு குழி. தோண்ட ஆளும் இருக்காது."

"அப்பா இழுத்திருக்காருல்ல. அக்டோபர் வரைக்கும்."

"அதான் எனக்கும் விளங்கல. அண்ணனுக்கு மருந்து மூளைக்கு ஏறிருச்சுன்னு நெனச்சேன். விக்கிறவன் ஏமாத்திட்டான்னு நெனச்சேன். விலை கம்மிதான், அதுக்காகவா வாங்குவாரு? கேட்டா பல்ல இளிச்சாரு."

சமையலறைக் கதவு திறந்தது. அம்மா ஆர்லீன் அப்பாவின் பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கை மணிக்கட்டுவரை மடித்துவிட்டிருந்தது. ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் சாவி. இருவரையும் தாண்டிப் போய், வெள்ளை வண்டியின் கதவைத் திறந்து, நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். ஒரு முனகல்கூட இல்லாமல் எஞ்சின் பற்றிக்கொண்டது.

"பேசிக்கிட்டே இருந்தா குழி தானா விழுமா" என்றாள். "நானும் வர்றேன். உள்ளே ஒம்போது தட்டு உருளைக்கிழங்கு வந்திருக்கு. தட்டு கொண்டாந்த ஒவ்வொருத்தியும் என் கையப் புடிச்சு அழுறா. எனக்கு முடியல."

எந்திரம் ஏற்றியிருந்த டிரெய்லரின் கழுத்தைப் பிக்கப்பின் முதுகில் இருந்த இரும்புக் குண்டின்மேல் நெட்டா இறக்கினாள். சங்கிலி மாட்டினாள். மாட்டி முடித்ததும் அம்மா வந்து ஒவ்வொரு கொக்கியையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். துக்கத்தில் இருப்பவள் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நெட்டா நினைத்தாள்.

நெட்டா ஓட்ட உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அதுவும் டீசல். பக்கத்தில் ஓரின். பின்னால் அம்மா, மடியில் பிளாஸ்க்கோடு. சமவெளியில் வண்டி ஒழுங்காக இழுத்தது. வேலிக் கம்பிகளில் பனி பஞ்சாக ஒட்டியிருந்தது. எந்திரத்தின் தோண்டும் கை பின் கண்ணாடியில் மடங்கித் தெரிந்தது.

ஆறாவது மைலில் ஏற்றம் தொடங்கியது. நெட்டா காலை அழுத்தினாள். கியர் தானாக ஒன்று இறங்கியது, இன்னொன்றும் இறங்கியது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. டீசல் மேட்டில் அடித்தொண்டையில் உறுமும். அது அவளுக்குப் பழக்கம். இது கழுத்தில் கத்தி வைத்த பன்றி மாதிரி கத்தியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் வட்டத்தில் முள் நாலாயிரத்தைத் தாண்டியது. அவள் கால் தானாக மேலே வந்தது. சத்தம் அடங்கியது. வேகமும் அடங்கியது. முப்பது, இருபத்திரண்டு, பதினாறு. கியர் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் மாறி மாறித் தடுமாற, எட்டு டன் பின்னாலிருந்து இழுப்பது முதுகில் தெரிந்தது.

"சொன்னேன்ல" என்றார் ஓரின், கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு.

"காலை எடுக்காத" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"எஞ்சின் வெடிச்சிரும்மா."

"வெடிக்காது. மிதி."

நெட்டா மிதித்தாள். அலறல் எழுந்ததும் கால் மறுபடி தளர்ந்தது. மனசு சொல்வதைக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் பழகிய கால் அது. பாரம் ஏற்றியவர்கள் பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்ட நிறுத்தும் ஒரு தட்டை இடம் பாதி மேட்டில் இருந்தது. அதற்கு மேல்தான் செங்குத்து.

"அங்க ஓரம் கட்டு" என்றாள் அம்மா. "எறங்கு."

"எதுக்கு?"

"எறங்குன்னா எறங்கு."

நெட்டா இறங்கி நின்றாள். அம்மா அப்பாவின் கோட்டோடு முன்னால் ஏறி உட்கார்ந்து, இருக்கையை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளினாள். கியர்க் கம்பியின் நுனியில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினாள். அது எதற்கென்று நெட்டாவுக்கே தெரியாது. ஓரின் வாயைத் திறந்தார்.

"அண்ணி, விளையாடாதீங்க."

"கதவை நல்லா சாத்து ஓரின். காத்து வருது."

நெட்டா பின்னால் ஏறிக்கொண்டதும் வண்டி கிளம்பியது. அம்மா காலைத் தரையோடு அழுத்தினாள். முள் நாலாயிரத்து ஐந்நூறில் போய் நின்றது. அலறல் வண்டியை நிறைத்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தையல் எந்திரத்தில் நீளமான மடிப்பு அடிக்கும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும். வேகம் இருபது, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு. இந்த முறை கியர் தடுமாறவில்லை, வேகம் அங்கேயே நிலைத்தது.

"கத்தட்டும்" என்றாள், சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி. "கத்துறதுக்குத்தான் அதைச் செஞ்சிருக்கான்னு உங்கப்பா சொன்னாரு. கொதிக்குதான்னு மட்டும் பாக்கணும். கொதிக்கல பாரு."

நெட்டா பின்னிருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்தாள். "எப்பலேருந்து ஓட்டுற?"

"ஏப்ரல்லேருந்து."

"டிரெய்லரோடயா?"

"டிரெய்லர் இல்லாம யாரு காசு குடுப்பா? அவரு இந்தப் பக்கம் உக்காந்திருப்பாரு, ஓரின் இருக்கிற எடத்துல. கடைசி வீடு தாண்டினதும் நிறுத்தி இடம் மாத்திக்குவோம். போய்ச் சேர்ற இடம் வர்றதுக்கு முன்னாடி மறுபடி மாத்திக்குவோம். முதுகு திருப்ப முடியாமப் போனப்புறம் மாத்துறதையும் விட்டுட்டோம்."

ஓரின் அவள் பக்கம் திரும்பினார். "பேங்க்ஸ்டன் கிழவிக்குத் தோண்டினோமே, ஆகஸ்ட்ல. அன்னைக்கு?"

"நான்தான்."

"நான் முன்னாடியே ஹால்வர் வண்டியில போய் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேனே அண்ணி. அண்ணனுக்குக் கையக் காட்டினேனே."

"எனக்குத்தான் காட்டின. நானும் திருப்பிக் காட்டினேன். உன் கண்ணுக்கு யாரு தெரிஞ்சா."

ஓரின் சிரித்தார். ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டீசலையே ஓட்டியிருக்கலாமேம்மா" என்றாள் நெட்டா. "அதை எதுக்கு வித்தாரு?"

"எனக்கென்ன தெரியும். அவரு சொன்னாத்தானே." வளைவு வந்தது. அம்மா காலை எடுக்காமல் வளைத்தாள். "பழசுன்னா தெனம் ராத்திரி கொட்டகைக்குப் போய் ஹீட்டர் பிளக்க மாட்டணும். அவரால வெளிய போக முடியல, நான்தான் மாட்டுவேன். போன பிப்ரவரியில பனிக்கட்டியில வழுக்கி விழுந்துட்டேன், கொட்டகை ஓரத்துல. இடுப்பு புடிச்சுக்கிச்சு. எந்திரிக்கக் கொஞ்ச நேரமாச்சு. உள்ள வந்து பாத்தா அவரு ஜன்னல்கிட்ட நிக்கிறாரு. வாக்கரைப் புடிச்சுக்கிட்டு, ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல வெறுங்காலு. எங்க கெளம்பினீங்கன்னு திட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. படுத்தோம். மார்ச்சுல இந்த வண்டி வந்துச்சு."

நெட்டா பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். பெட்ரோல் முள் கண்ணுக்குத் தெரியவே இறங்கிக்கொண்டிருந்தது.

உச்சி வந்ததும் அம்மா காலை எடுத்தாள். சத்தம் நின்றபோது மூன்று பேருக்கும் காது அடைத்துப்போயிருந்தது. "ஏற்றத்தை விட இறக்கம்தான் மோசம்" என்றாள் அம்மா. "டீசல்னா எஞ்சினே இழுத்துப் புடிக்கும். இது அவ்வளவு புடிக்காது. இங்க டீசல்தான் நல்லது, அதை ஒத்துக்கணும்." இரண்டாவது கியருக்கு இறக்கி, டிரெய்லர் பிரேக்கைக் கைவிரலால் விட்டு விட்டு அமுக்கி, பிரேக் தீய்ந்த நாற்றத்தோடு பதினைந்து மைல் வேகத்தில் கீழே கொண்டுவந்து சேர்த்தாள்.

இடுகாட்டில் பனி முழங்கால்வரை கிடந்தது. வெர்லினின் அப்பா, அம்மாவின் கல்லறைக் கற்கள் தலை மட்டும் தெரிந்தன. ஓரின் எந்திரத்தைக் கிளப்பி, பலகைமேல் இறக்கி, கற்களுக்கு இடையே மெல்ல ஓட்டிப் போனார். நெட்டா குச்சி நட்டு நூல் கட்டிக் கொடுத்தாள். ஒற்றைப் பல் தரையில் இறங்கியபோது பாறையை உடைப்பதுபோலத்தான் கேட்டது. முதல் கட்டி ஒரு கதவு அளவுக்குப் பெயர்ந்து வந்தது. ஓரின் அதைக் கீழே போடாமல் ஓரமாக, நிதானமாக வைத்தார்.

வண்டியை இப்போதே திருப்பி நிறுத்தினால்தான் நாளைக்குச் சவ வண்டி வர வழி இருக்கும். திருப்ப இடமில்லை. வேலியின் இரண்டு கம்பங்களுக்கு நடுவே காலி டிரெய்லரைப் பின்னால் தள்ளி ஏற்ற வேண்டும். பக்கத்துக்கு ஒரு சாண்தான் இடைவெளி.

"நான் பின்னால நின்னு கை காட்டவாம்மா?"

"வேண்டாம். நீ சித்தப்பாவுக்கு நூலப் புடி."

அம்மா தனியாக ஏறினாள். நெட்டா நூலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பின்விளக்கு எரிந்தது. டிரெய்லர் மெதுவாக வளைந்து கம்பங்களை நோக்கிப் போய், முதல் சக்கரம் கம்பத்துக்கு நேராக வந்ததும் நின்றது. வண்டியின் ஜன்னல் வழியே அம்மா தெரிந்தாள். ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க, வலப்பக்கத்துக் காலி இருக்கையின் பக்கம் தலையைத் திருப்பி, யாரோ "வா" என்று சொல்வதற்காகக் காத்திருப்பவள்போல அப்படியே இருந்தாள்.

பிறகு திரும்பி, பக்கக் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் எடுத்தாள்.