வேறொரு லோஸான்

ரூமியானா தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வைக்காரி வந்து அலுவலகத்தில் அவளுக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னாள். வேலை நேரத்தில் யாருக்கும் அங்கே போன் வருவதில்லை. பக்கத்து இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கடன் வசூல் நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல் பணிவாகச் சொன்னது. அவள் கணவர் லோஸான் நினோவ் வாங்கிய கடன் வட்டியோடு நாலாயிரம் லெவாவைத் தாண்டிவிட்டதாம். கட்டாவிட்டால் வீட்டுச் சாமான்களை எடுக்க ஆள் வருமாம். அதற்குள் மேற்பார்வைக்காரியிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

லோஸான், வீதின் என்னும் எங்கள் நகரத்தில், டான்யூப் நதித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். இளமையில் சூதாட்ட இயந்திரங்களுக்குச் சம்பளத்தைக் கொட்டியவன்தான். ஒரு பனிக்காலம் முழுக்க அவர்கள் விறகு வாங்க வழியில்லாமல் நடுங்கினார்கள். மகள் பிறந்ததும் சூதாட்டத்தை விட்டுவிட்டான், பிறகு தொடவேயில்லை. ஆனால் அந்தக் குளிர் ரூமியானாவின் உடம்பை விட்டுப் போகவில்லை.

போன் வந்த அன்று மாலை அவன் வந்து சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. அம்மா போட்ட வளையல்களை விற்றாள், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போனாள், அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டினாள். கட்டக் கட்ட, பாக்கி இன்னும் இருக்கிறது என்றது குரல். வீட்டில் அவள் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுபோனது. ஏன் என்று லோஸானுக்குப் புரியவில்லை. கேட்டால் தலைவலி என்றாள்.

ஒரு மாதம் கட்ட முடியாமல் போனது. உடனே கீழ்வீட்டு தான்காவுக்குப் போன் வந்தது. அவள் லோஸானை மாடிப்படியில் மடக்கினாள்.

"என்னப்பா, மறுபடியும் மெஷின்கிட்ட போய் உக்காந்துட்டியாமே? கடன்காரனுங்க எனக்கு போன் போட்டு மானத்த வாங்குறானுங்க. உன் பொண்டாட்டிய நெனச்சாதான் பாவமா இருக்கு."

அவன் நேரே வீட்டுக்குள் போய் ரூமியானாவிடம் கேட்டான். எல்லாம் வெளியே வந்தது. அப்படி ஒரு கடனே வாங்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். அவள் தலை குனிந்தபடி மிளகாய் அரிந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டு நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண் முதலில் கேட்டது, "கடன் பத்திரத்தப் பாத்தீங்களா?" என்றுதான். யாருமே பார்த்திருக்கவில்லை. அதைக் காட்டச் சொல்லி நிறுவனத்தைக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு என்றாள். வேலை இடத்திலும் அக்கம்பக்கத்திலும் கடனைப் பற்றிச் சொன்னது தப்பு என்றும் சொல்லிப் புகார் எழுதிக்கொண்டாள்.

சில வாரங்களில் பத்திரத்தின் நகல் வந்தது. கடன் வாங்கியவன் வேறு ஊர்க்காரன். பிறந்த தேதி வேறு, அடையாள எண் வேறு, கையெழுத்து வேறு. பெயர் மட்டும் லோஸான் நினோவ். நிறுவனம் பெயரை வைத்துத் தேடி, கிடைத்தவனைப் பிடித்திருக்கிறது.

ரூமியானா அதை நின்றபடியே படித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றான் லோஸான்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லியிருந்தா? நான் எங்க போயிருப்பேன்?"

"இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவள் நகலை மடித்து மேசையில் வைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"மாட்டேன்," என்றாள்.

நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. ஆனால் அவள் கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். தானாகத்தானே கட்டினாள், வேண்டுமானால் அந்த இன்னொருவனிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். வழக்குப் போட வேண்டியிருந்தது. வழக்கு நடக்கும்போதே லோஸான் கிரேனை விட்டுவிட்டு, ஆஸ்திரியாவரை போகும் சரக்குப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். சில மாதங்களுக்கு ஒருமுறை வருவான். சண்டை எதுவும் இல்லை. சம்பளத்தை மகளின் கணக்கில் போட்டான்.

தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது. வக்கீல் செலவு போக முக்கால்வாசி தேறியது. பணம் கைக்கு வந்த அன்று அவள் அவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வந்துடுச்சா? நல்லது," என்றான்.

படகின் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.