மொட்டைத் தலைக்குச் சந்தனம்

பிள்ளையின் இருமலைப் பிரைமரி காம்ப்ளெக்ஸ், சின்னப் பிள்ளைகளுக்கு வரும் காசம், என்று சங்கரன்கோவில் டாக்டர் சொன்னபோது தெரு முழுக்கச் சொல்லித் திரிந்த குடும்பம்தான். மதுரை ஆஸ்பத்திரியில், எட்டு வயது மீனலோசினிக்கு நுரையீரலில் புற்றுநோய், பிள்ளைகளுக்கு வருவதே அபூர்வம், அது மூளைக்கும் ஏறிவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து வாயைத் தைத்துக்கொண்டது. பிள்ளையின் அத்தை காவியாவுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். கேன்சர் வீடு என்று தெரிந்தால் எவன் வருவான்?

தலைக்குக் கரண்டு வைத்ததில், அதாவது கதிர்வீச்சுக் கொடுத்ததில், முடி கொட்டிவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று, பிள்ளையின் தாய் அனுராதாவுக்கு மாமனாரான சங்கரநயினார் அதற்கும் வழி கண்டுபிடித்தார்.

"நேத்து திருச்செந்தூர்ல மொட்டை போட்டோம்னு சொல்லுவோம். சந்தனத்தப் பூசி உக்கார வையி, அனுராதா."

"தலையில எதுவும் தடவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு மாமா. தோலு வெந்து கெடக்கு."

"ஒரு பொழுதுதானட்டி," என்றான் கணவன் சிவபிரசாத். பெற்ற தகப்பன்!

அனுராதாவே பூசினாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு. சந்தனம் காயக் காயத் தோலை இழுத்தது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி சிரித்தது.

"முருகனுக்கா மக்கா?" என்று மாப்பிள்ளையின் தாயார் அதன் தலையைத் தடவிக் கொஞ்சினாள். பிறகு தேதிப் பேச்சு வந்தது. "கல்யாணத்தத் தையில வச்சுக்கிடலாமா அண்ணாச்சி? எங்க எலுமிச்ச மண்டிக்கும் தோதா இருக்கும்."

"வேண்டாம், ஐப்பசியிலயே முடிச்சிருவோம். தள்ளிப்போட்டா என்ன தடங்கல் வருமோ," என்றார் சங்கரநயினார். சொல்லும்போது அவர் கண் பேத்தி பக்கம் போய் வந்தது. சிவபிரசாத் தலையைக் குனிந்துகொண்டான்.

அனுராதாவுக்குப் புரிந்துவிட்டது. தைக்குள் வீட்டில் சாவு விழும் என்று அப்பனும் மகனும் முடிவு கட்டியிருக்கிறார்கள். டாக்டர்கூடக் கையை விரிக்கவில்லை. மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும் மாத்திரை கொடுத்திருக்கிறோம், பார்ப்போம் என்றுதான் சொன்னார். இவர்கள் அதற்குள் பாடையே கட்டிவிட்டார்கள்.

உள்ளே போய் ஈரத்துணியோடு வந்தாள். சபை நடுவில் உட்கார்ந்து பிள்ளையின் தலையை மெல்ல ஒற்றி எடுத்தாள். சந்தனத்துக்கு அடியில் சிவந்து வெந்த தோல் தெரிந்தது.

"இது மொட்டை இல்ல அத்தை. கேன்சருக்குக் கரண்டு வச்சது. நீங்க கல்யாணத்தத் தையிலயே வைங்க. எம்மக இருந்து பாப்பா," என்றாள் மாப்பிள்ளையின் தாயாரிடம்.

"இப்பம் எரியலம்மா," என்றது பிள்ளை.

மாப்பிள்ளையின் தாயார் தாம்பூலத் தட்டைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு, பிள்ளையைத் தடவிய கையை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.