குளிருமென்று போர்த்திய குவியல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. 2005 நவம்பரில், கனடாவின் மொன்ட்ரியால்-நோரில், மடியில் மூன்று வாடிய மலர்வளையங்களோடு ஒரு பெண் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆகவே மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

தொடக்கம்: அல்போன்சம்மா லொறிக்கு முன்னால் போய் நின்றாள்.

[வேண்டாம். எந்த லொறி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த வாக்கியம் மூலையில் கிடந்து உக்கி மண்ணாகட்டும்.]

2

அல்போன்சம்மா ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவள். கணவன் மரியதாசனை அடக்கம் செய்த மறுகிழமை கல்லறைக்குப் போனால், வளையங்களை வாரிக் குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம் தெளித்த பூ குப்பைக்குப் போகலாமா? பறித்துக்கொண்டு வந்து, பொதுத் தோட்டத்தில் தன் பாத்தியின் மூலையில் இலைதழையோடு குவித்தாள். மண்ணானதும் அதில் அவருக்குப் பிடித்த கத்தரி நடுவதென்று எண்ணம். பனி விழுந்தபோது மனம் கேட்கவில்லை. குளிருமென்று பிளாஸ்டிக் தறப்பாளால் இறுகப் போர்த்திச் சுற்றிவரக் கல் வைத்தாள்.

[பூவுக்குக் குளிருமா என்று நானும் கேட்டேன். அந்த வரியை மூன்று தரம் வெட்டினேன். அவள் மூன்று தரமும் போர்த்தினாள்.]

மே மாதம் குவியல் நாறியது. இரண்டு கிழமைக்குள் ஒழுங்காக உக்கத் தொடங்காவிட்டால் லொறியில் ஏற்றிவிடுவோம் என்றார் தோட்டத் தலைவர். [இந்தக் கியூபெக் கிழவரைக் கொடியவராக்கப் பார்த்தேன். சரிவரவில்லை. நாற்றம் நாற்றம்தானே.]

3

மகள் றொஷினி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிப்பவள். வந்து தறப்பாளைத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மா, நீங்கள் மூடினதுதான் பிழை. அதுக்கும் மூச்சு வேணும்.”

கிளறிக் காற்றுப் புகவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்னத் தொடங்கும், உள்ளே சூடேறும் என்றாள். ஆனால் எல்லாம் மண்ணாகாதாம். பாதிக்குமேல் கரியமிலவாயுவாகக் காற்றில் போய்விடுமாம். அல்போன்சம்மா தறப்பாளைத் திரும்ப இழுத்து மூடப்போனாள். குப்பைக்காரரிடம் பறித்ததைக் காற்றிடம் கொடுப்பதா?

“காத்தில போனா எங்க போய்ச் சேரும்?”

“இலையளுக்குத்தான். றோட்டு மேப்பிளும் எடுக்கும், உங்கட கத்தரியும் எடுக்கும்.”

அல்போன்சம்மா தேம்பித் தேம்பி— [இல்லை. அழமாட்டேன் என்கிறாள்.]

“அப்ப போகட்டும்,” என்று மண்வெட்டியை எடுத்தாள்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வரும்போது ஹோட்டலின் கோப்பிச் சக்கையை வாளியில் கொண்டுவந்து கொட்டிக் கிளறினாள். வளையத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்தாள். கை கிழிந்தது. விடவில்லை.

4

தவணை முடிந்த சனிக்கிழமை காலை லொறி வந்தது. மூலையில் எறிந்த வாக்கியம் இதற்குள் பக்குவமாகிவிட்டது, எடுத்துக்கொள்கிறேன்.

அல்போன்சம்மா லொறிக்கு முன்னால் போய் நின்றாள்.

தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். பதில் சொல்ல அவளுடைய பிரெஞ்சு காணாது. கிட்டப் போய் அவர் கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டைப் பிடித்து, முழங்கைவரை குவியலுக்குள் விட்டாள். அவர் முகம் மாறியது.

சூடு என்று ஒரு முடிவு எழுதினேன். குளிர்ந்த சேறு என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துக் குவியலில் போட்டுவிட்டேன், தாளும் உக்கும்.

உங்கள் கையுறையைக் கழற்றுங்கள். அல்போன்சம்மா மணிக்கட்டைப் பிடிக்கக் காத்திருக்கிறாள்.